காக்கிக்கு எத்தனை மதிப்பெண்?

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் டாக்டருக்குப் படிக்க என்.சி.சி.க்கும் மதிப்பெண் உண்டு. 1970-71 சேர்க்கையின்போது எம்.பி.பி.எஸ். படிப்புக்கு விண்ணப்பித்தவர்களைத் தேர்வுக் குழு நேரில் அழைத்துப் பேசியது. அந்த நேர்காணலுக்கு 75 மதிப்பெண். எதைப் பார்த்து அதைப் போட வேண்டும் என்று அரசு ஐந்து தலைப்புகளைக் கொடுத்திருந்தது. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படைச் செயல்பாடு, பாடத்துக்கு வெளியே செய்த சிறப்புத் தொண்டு, பொதுவான உடல்நிலையும் தாங்குதிறனும், பொதுத்திறன், மருத்துவத்தின் மீதான நாட்டம்.

இந்த ஐந்து தலைப்புகளையும் நான் ஒரு தீர்ப்பில் வாசித்தேன். சட்டம் என் துறை அல்ல. சங்கப் பாடலில் 'மருந்து' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை விதிகளுக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனவள் ஒரு மாணவி. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துப் பெண். விலங்கியல் படிக்கிறாள், பகுதி ஒன்று தமிழுக்கு என் வகுப்புக்கு வருவாள். நீட் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டு, மூன்றாம் முறைக்கும் புத்தகத்தை மூடாமல் வைத்திருக்கிறாள். என்.சி.சி.யிலும் இருக்கிறாள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "அம்மா, 'சி' சான்றிதழ் வாங்கிட்டா மெடிக்கல் சீட்டுக்கு ஏதாச்சும் மார்க் போடுவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

இன்றைய தமிழ்நாட்டில் போடமாட்டார்கள். விளையாட்டு வீரர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கும் சிறப்புப் பிரிவு உண்டு. என்.சி.சி.க்குக் கிடையாது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் உண்டு. 'சி' சான்றிதழ் இருந்தால் பட்டப்படிப்புக்குப் பிறகு எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரித் தேர்வுக்குப் போகலாம். ஆனால் அது துப்பாக்கிக்குப் போகும் வழி, ஸ்டெதாஸ்கோப்புக்குப் போகும் வழி அல்ல. அவளுக்கு இவ்வளவும் சொன்னேன். சொன்ன பிறகு கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. அந்த மதிப்பெண் இருந்த காலத்தில் அதை யார் வாங்கியிருப்பார்கள்? இந்தப் பக்கத்துப் பெண் வாங்கியிருப்பாளா?

கல்லூரி மாணவனுக்கு அதிகாரிப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் ஆங்கிலேயர் தொடங்கியது. முதல் உலகப் போரின்போது, 1917-ல் பல்கலைக்கழகப் படையாகத் தொடங்கி, 1920-ல் பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாகி, 1942-ல் பல்கலைக்கழக அதிகாரிப் பயிற்சிப் படை என்று பெயர் மாறியது. பெயர் மாறியதே தவிர, ஆள் எப்போதும் ஆண்தான். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி சட்டம் இயற்றி என்.சி.சி.யை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே, 1949-ல், பெண்கள் பிரிவு வந்தது. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 1916-லேயே தொடங்கிய கல்லூரி அதிகாரிப் பயிற்சியில் பெண்களைச் சேர்க்க விமானப் படைக்கு 1969 வரை ஆனது. தரைப்படையும் கடற்படையும் எழுபதுகளின் தொடக்கத்தில்தான் கதவைத் திறந்தன. அங்கே பயிற்சி முடித்த மாணவர், படையில் சேரும் கடமையைத் தள்ளிப்போட்டு முதலில் மருத்துவக் கல்லூரிக்குப் போய்வர அனுமதி கேட்கலாம். பட்டப்படிப்பின் நடுவிலேயே 'உனக்கு இடம் உண்டு' என்று உறுதி கொடுத்துவிடும் மருத்துவக் கல்லூரிகளும் அங்கே இருக்கின்றன. சீருடையிலிருந்து மருத்துவத்துக்குப் போகும் பாதையை அவர்கள் ஒழுங்காகவே போட்டுவைத்திருக்கிறார்கள், பெண்ணுக்கு அதில் தாமதமாக இடம் கொடுத்தாலும்.

நம் ஊரில் 1949-ல் வந்தது பெண்கள் பிரிவு என்ற பெயர். அது எந்த ஊருக்கு வந்தது என்பது வேறு கேள்வி. அந்தப் பிரிவின் பயிற்சியில் முதலுதவியும் நோயாளிப் பராமரிப்பும் முக்கியமாக இருந்தன. மருத்துவத்துக்கு மிக அருகில் இருந்தது ஆண் பிள்ளைகளின் டிரில்லைவிட இதுதான். ஆனால் சீனப் போருக்குப் பிறகு, 1963-ல், கல்லூரிகளில் என்.சி.சி.யைக் கட்டாயமாக்கியபோது அந்தக் கட்டாயம் ஆண் மாணவர்களுக்குத்தான். கட்டாயம் என்றால் ஆள் வேண்டும், அதிகாரி வேண்டும், சீருடை வேண்டும், மைதானம் வேண்டும். எல்லாம் ஆண்கள் படித்த இடங்களை நோக்கிப் போகும். 1968-ல் கட்டாயம் நீங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானம் கொண்டுவந்தபோது, என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்பதும் அதன் பகுதியாக இருந்தது. 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று கத்துவதை நிறுத்தச் சொன்னதில் தமிழாசிரியையாகிய எனக்கு மகிழ்ச்சியே. ஆணை எந்த மொழியில் என்பது பெரிய அரசியலாயிற்று. நிற்கும் வரிசையில் பெண் உண்டா என்பது ஆகவில்லை.

இப்போது விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் வைத்துப் பாருங்கள். இரண்டும் அன்று தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான். விழுப்புரத்தில் அரசுக் கலைக் கல்லூரி வந்தது 1968-ல். திண்டிவனத்தில் கோவிந்தசாமி அரசுக் கலைக் கல்லூரி 1969-ல். அதாவது 1970-ல் அந்த நேர்காணல் அறைக்குப் போக வேண்டிய பெண், கல்லூரி என்ற ஒன்றே ஊருக்குப் புதிதாக வந்த காலத்தில் படித்தவள். அன்று மருத்துவத்துக்குப் போக எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு ஓராண்டு பி.யு.சி. படித்திருக்க வேண்டும். வயது பதினாறு, பதினேழு. அந்த வயதுக்குள் அவள் என்.சி.சி.யில் இருந்திருக்க வேண்டுமானால், ஒன்று, அவள் படித்த பெண்கள் பள்ளியில் அலகு இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சென்னையிலோ வேறு பெரிய ஊரிலோ விடுதியில் தங்கிப் படித்திருக்க வேண்டும். விளையாட்டு என்றாலும் அதே கதைதான். 'பொதுவான உடல்நிலையும் தாங்குதிறனும்' என்ற மூன்றாம் தலைப்பைப் படித்தபோது சிரிப்பு வந்தது. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் விடிவதற்கு முன் எழுந்து கொல்லைக்குப் போய்வந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பெண்ணின் தாங்குதிறனை ஒரு மேசைக்கு எதிரே உட்காரவைத்து எப்படி அளப்பார்கள்? அதற்குச் சான்றிதழ் கிடையாது.

அந்த நேர்காணலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1970 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டப் புத்தகங்கள் அதைப் பெரியகருப்பன் வழக்கு என்று சொல்கின்றன. சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு மனு ஒரு மாணவியுடையது. வழக்கின் சுருக்கப் பெயரில் அவள் இல்லை. நீதிபதி ஹெக்டே எழுதிய அந்தத் தீர்ப்பு இரண்டு விஷயங்களைத் தவறென்றது. சென்னை நகரக் கல்லூரிகளை ஓர் அலகாகவும் மற்றக் கல்லூரி ஒவ்வொன்றையும் தனி அலகாகவும் வைத்துத் தேர்ந்தெடுத்தது ஒன்று. ஒரே மாநிலத்தில் ஓர் அலகில் தேறாத மதிப்பெண் இன்னோர் அலகில் தேறியது. இன்னொன்று நேர்காணல். ஐந்து தலைப்புக்கும் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்லியிருக்க, குழுக்கள் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டிருந்தன. என்.சி.சி.க்கு எவ்வளவு, நாட்டத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. மொத்தமாக ஓர் எண் போடும் இடத்தில் அப்பா யார், எந்தத் தெரு, ஆங்கிலம் எப்படி என்பதெல்லாம் எண்ணாக மாறுவதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'இந்தப் பெண் கல்யாணம் ஆனால் தொழில் பார்ப்பாளா' என்ற கேள்வியும் அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். நீதிமன்றம் நேர்காணலே கூடாது என்று சொல்லவில்லை, பிரித்துப் போடு என்றது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை அது ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு இரண்டாண்டு முன்பு, 1968-ல், ராஜேந்திரன் வழக்கில் இன்னொரு விதியை நீதிமன்றம் நீக்கியிருந்தது. மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்ப மருத்துவ இடங்களைப் பிரித்துக்கொடுத்த விதி அது. திறமைக்கும் மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நீதிமன்றம் கேட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். தென்னார்க்காடு போன்ற, ஆள் நிறையவும் பள்ளி குறைவாகவும் இருந்த ஒரு மாவட்டத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு அந்தத் தீர்ப்பு இனிக்கவில்லை. மாவட்டத்துக்கென்று இருந்த இடம் போனது, என்.சி.சி.க்கென்று இருந்த மதிப்பெண் இன்னும் சில காலம் நின்றது. எது எங்கள் பெண்களுக்கு எட்டக்கூடியதோ அது முதலில் போயிற்று.

இந்த இடத்தில் திண்டிவனத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1890களின் தொடக்கத்தில், ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீடு திண்டிவனத்தில் இருந்தது. ராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்துத் திரும்பியிருந்த மகள் ஐடா அப்போது அங்கே இருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வலியில். ஐடா தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் மருத்துவர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய், கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்த முதல் தொகுதியில் 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் மருத்துவமனை தொடங்கினார். இந்தக் கதையை மிஷன் புத்தகங்கள் தெய்வ அழைப்பாகச் சொல்லும். கணவர்களைப் பற்றி, ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம் என்றெல்லாம் குறிப்பு உண்டு. செத்துப்போன மூன்று பெண்களுக்கும் பெயர் இல்லை. திண்டிவனத்து மண்ணில் போன அந்த மூன்று உயிரும்தான் வேலூர்க் கல்லூரிக்கு முதல் விண்ணப்பம் என்று நான் என் மாணவிகளிடம் சொல்வேன்.

1918-ல் ஐடா பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, மூன்று பேர் வந்தாலே அதிர்ஷ்டம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். 151 விண்ணப்பங்கள் வந்தன. அப்போது எந்த நேர்காணல் குழுவும் பெண்ணின் தாங்குதிறனைக் குறித்துக் கவலைப்படவில்லை. தேவை கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே மேரி ஷார்லீபையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமி ரெட்டி அங்கே 1912-ல் பட்டம் பெற்றார். பெண்ணின் உடலை ஆண் தொடக்கூடாது என்ற ஆணாதிக்க விதிதான் பெண்ணை டாக்டராக்கியது என்பது நம் வரலாற்றின் விசித்திரம். அந்த விதி தளர்ந்த பிறகு, பெண் மருத்துவர் 'தேவை' என்ற காரணம் மெலிந்து, அவளும் பொது வரிசையில் நின்று பொது அளவுகோலைத் தாண்ட வேண்டியவள் ஆனாள். அந்தப் பொது அளவுகோல் யாருடைய வாழ்க்கையை வைத்துச் செய்யப்பட்டது என்பதுதான் என்.சி.சி. மதிப்பெண்ணில் எனக்குத் தெரிகிறது.

1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006-ல் அதை நீக்கச் சட்டம் செய்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே பேசிய பத்தாண்டு காலம் ஒன்று வாய்த்தது. அந்தக் காலத்தில்தான், 2010-ல், முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 100 இடங்களோடு திறந்தது. அதற்கு முன் திண்டிவனத்துக்காரர்களுக்கு ரயில் பாதையில் செங்கல்பட்டு, 1965-ல் தொடங்கியது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஜிப்மர் இருக்கிறது, ஆனால் அங்கே உள்ளூர் ஒதுக்கீடு புதுச்சேரிக்காரர்களுக்கு. பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய எங்கள் பெண் அதன் கணக்கில் வெளியூர். பிறகு நீட். 2017-ல் அனிதா. அடுத்த ஆண்டே செஞ்சிப் பக்கத்தில் இன்னொரு பெண். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நான் மதிக்கும் விதி இது. இது ஒருவருக்குக் கிடைத்த வசதிக்கு மதிப்பெண் போடவில்லை, கிடைக்காததைக் கணக்கில் எடுத்தது. என்.சி.சி. மதிப்பெண் அதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்தது.

அப்படியானால் என் மாணவியின் விருப்பத்துக்கு நான் எதிரியா? இதற்கு நேரான பதில் என்னிடம் வரவில்லை. என்.சி.சி.யில் சேர்ந்த பிறகுதான் அவள் முதன்முதலாகப் பேண்ட் போட்டாள். பத்து நாள் கேம்ப்புக்குப் போய் வீட்டுக்கு வெளியே தூங்கினாள். துப்பாக்கியைக் கழற்றி மாட்டினாள். சனிக்கிழமை பரேட் என்றால் தெருவில் யாரும் 'எங்க போற' என்று கேட்பதில்லை, பூட்ஸ் சத்தம் பதில் சொல்லிவிடுகிறது. வீட்டில் அனுமதித்தது எதற்காக? வேலைக்கு உதவும், போலீஸ் தேர்வில் மார்க் உண்டு என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். சான்றிதழுக்கு ஒரு விலை இருப்பதாக வீடு நம்பும்வரைதான் அந்தப் பத்து நாள் கேம்ப். ஆகவே மதிப்பெண் கூடாது என்று நான் சுலபமாக எழுதிவிட முடியாது. எல்லாப் பெண்கள் பள்ளியிலும் அரசுக் கல்லூரியிலும் அலகு இருந்தால் அப்போது பேசலாம் என்று மட்டும் எழுதுகிறேன்.

சீருடை வழியாக மருத்துவத்துக்குப் போக நாட்டில் ஒரு நேர்வழி இருக்கத்தான் செய்கிறது. புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. 1948-ல் தொடங்கி, 1962-லிருந்து எம்.பி.பி.எஸ். நடத்துகிறது. படிப்பு அரசு செலவு, கையில் உதவித்தொகை, முடித்தால் படையில் அதிகாரி. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எது? 1963-ல் அங்கே சேர்ந்த புனிதா அரோரா 2004-ல் நாட்டின் முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரலாகி அதே கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். அதே காலத்தில் அங்கே படித்த பத்மாவதி பந்தோபாத்யாய விமானப் படையின் முதல் பெண் ஏர் மார்ஷல் ஆனார். ராணுவ மருத்துவப் பிரிவு 1958-லேயே பெண் மருத்துவர்களுக்கு நிரந்தரப் பதவி கொடுத்தது. மற்றப் பிரிவுகள் பெண்களை அதிகாரியாகச் சேர்க்க 1992 ஆனது. எல்லாம் பெருமையாகவே இருக்கிறது, சேர்க்கை அறிவிப்பைப் படிக்கும்வரை. இந்திய மாணவர்களுக்கான இடம் 145. ஆண்களுக்கு 115. பெண்களுக்கு 30.

இது இட ஒதுக்கீடு அல்ல, உச்சவரம்பு. முப்பத்தொன்றாவது பெண் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் வெளியே. 2024-ல் நீட் எழுதப் பதிவு செய்த ஏறக்குறைய 24 லட்சம் பேரில் 13 லட்சத்துக்கு மேல் பெண்கள். அதனால் புனேயில் பெண்களுக்கான கட்டாஃப் ஆண்களுடையதைவிட உயரத்தில் நிற்கிறது. அதையும் தாண்டினால் ஆங்கில அறிவும் தர்க்கமும் சோதிக்கும் தேர்வு, உளவியல் சோதனை, நேர்காணல். 1970-ன் மேசை இன்னும் அங்கே போடப்பட்டிருக்கிறது. திருமணம் ஆகியிருக்கக் கூடாது, படிக்கும்போதும் செய்துகொள்ளக் கூடாது.

அதே ஆயுதப்படையின் செவிலியர் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு 220 இடங்கள். எல்லாம் பெண்களுக்கு மட்டுமே. படை பெண்களை வேண்டாம் என்று சொல்லவே இல்லை பாருங்கள். டாக்டராக 30, நர்ஸாக 220 என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. செவிலியரை நான் குறைத்துப் பேசவில்லை. என் மாணவிகளில் பலர் அந்த விண்ணப்பத்தைத்தான் நிரப்புகிறார்கள். ஆனால் அந்தப் பணியிலும் திருமணம் ஆனதற்காக ஓர் அதிகாரியை 1988-ல் வெளியே அனுப்பினார்கள். அவர் விடாமல் வழக்காடி, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முப்பத்தாறு ஆண்டு.

ராணுவப் பல் மருத்துவப் பிரிவில் பத்தில் ஒன்பது இடத்தை ஆண்களுக்கு வைத்ததை 2023-ல் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2025 ஆகஸ்டில், ராணுவச் சட்டப் பிரிவில் ஆண்களுக்கு ஆறு இடமும் பெண்களுக்கு மூன்று இடமும் என்று பிரித்ததை நீக்கியது. ஒரு பதவிக்குப் பெண்களை அனுமதித்த பிறகு இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கையால் தடுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதைப் படித்துவிட்டு 115, 30 என்ற எண்களுக்கு அருகில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, அந்தத் தாளை எங்கள் கல்லூரி என்.சி.சி. அறை வாசல் பலகையில் ஒட்டிவைத்தேன். படித்துவிட்டுப் போகிறவர்கள் தங்கள் பேனாவால் கேள்விக்குறியைத் தடிமனாக்கிக்கொண்டே போகிறார்கள்.